ஒன்ஸ்மோர் கேட்ட இடம்

கூட்டாளி,

இன்று காலை ஆப்பரேட்டர் அறுந்துபோன பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். பசை டப்பாவைத் திறந்ததும் அறை முழுக்கக் கனிந்த வாழைப்பழ வாசனை. அந்தப் பசைக்கு ஏன் அப்படியொரு வாசனை என்று கடைசிவரை நமக்குத் தெரியாமலே போயிற்று. "பழம் இல்லாம பழ வாசன காட்டி ஏமாத்துறானுங்க வாத்தியாரே, வா, போய் பசியாறிட்டு வரலாம்" என்று என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாய். இன்று இழுக்க ஆளில்லை. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஆப்பரேட்டர் டப்பாவை மூடிவிட்டு, "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்கு ஒன்றுமே இல்லை.

நீ போன அன்றும் அப்படித்தான். சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கேட்டேனாம். என் மனைவி சொல்லிச் சொல்லி ஆச்சரியப்படுகிறாள். மறுநாள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஸ்டோருக்கு வழக்கம்போல வேலைக்குப் போனேன். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தேன். கை தப்பவில்லை. தப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஊரையே அழ வைக்கிற மாதிரி எழுதுவேன் என்று மார்தட்டிக்கொண்ட ஆள் நான். எனக்கே ஒரு சொட்டு வரவில்லை. என்னத்தைச் சொல்ல!

ஆனால் கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாருக்குச் சொன்னாலும் முதலிலிருந்து விளக்க வேண்டும். நீயோ எதையும் முதலிலிருந்து கேட்டதே கிடையாது. பரவாயில்லை, இந்த ஒரு தடவை கேள்.

நாம் எப்படித் தொழில் செய்தோம் என்று நினைத்தால் இப்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. கப்பலில் வந்த ஊமைப்படங்கள். நடுநடுவே கறுப்புப் பலகையில் இங்கிலீஷ் எழுத்து வரும். பால்மரம் வெட்டிவிட்டு வந்து தரையில் குந்தியிருக்கிறவர்களுக்கு அது எழுத்தா பூச்சியா என்றே தெரியாது. நான் படத்தை முன்கூட்டியே பார்த்து, அதற்குத் தமிழில் ஒரு கதை எழுதுவேன். நீ கையில் ஒரு நீளக் கம்போடு திரை ஓரமாக நின்று சொல்லுவாய். வெள்ளைக்காரச் சீமாட்டி நம்மிடம் வந்தால் வள்ளியம்மா. பனி கொட்டும் ஊர் நம்மிடம் வந்தால் பஞ்சுக் கிடங்கு. நான் எழுதியதில் பாதியை நீ சொல்லமாட்டாய். நீ சொன்னதில் பாதியை நான் எழுதியிருக்கமாட்டேன்.

தோட்டங்களில் ஆண்கள் திரைக்கு முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். வெள்ளைத்துணியை வாளித் தண்ணீரில் நன்றாக நனைத்துக் கட்டினால் படம் இரண்டு பக்கமும் தெரியும். பின்பக்கத்தில் எல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும், எழுத்தும் திரும்பியிருக்கும். படிக்கத் தெரியாத எழுத்து எப்படித் திரும்பினால் யாருக்கு என்ன? ஓரத்தில் நிற்கிற உனக்கு மட்டும்தான் இரண்டு பக்கத்து முகங்களும் தெரியும். ஒரு கட்டம் பிடித்துப்போனால் கூட்டம் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தும். ஆப்பரேட்டர் திட்டிக்கொண்டே ரீலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் ஓட்டுவார். ஒரே கட்டத்துக்கு நீ ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொன்னதில்லை.

நமக்குள் சண்டை எப்போதும் ஒன்றே ஒன்றுதான். படம் பார்த்துவிட்டுப் போகிறவன் கையில் ஒரு நல்ல சேதி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. "நாளெல்லாம் அவனுக்குச் சேதி சொல்ல துரை இருக்கான், கங்காணி இருக்கான், சாமியாரு இருக்கான். நம்மகிட்டயாச்சும் சும்மா உக்காரட்டும் வாத்தியாரே" என்பது உன் கட்சி. நான் கோபப்பட்டால் உனக்கு அது இன்னொரு வேடிக்கை. என் முகத்தைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, "தமிழர்களே!" என்று ஆரம்பிப்பாய். ஆப்பரேட்டர்கூடச் சிரிப்பார். துரோகி.

அந்தக் கங்காணி விஷயம் நினைவிருக்கிறதா? ஏதோ ஒரு தேசத்துப் படம். மீசைக்காரன் ஒருவன் வயல்காரர்களைச் சவுக்கால் அடிக்கிறான். நான் மூன்று இரவு உட்கார்ந்து எழுதினேன். உழைக்கிறவன் முதுகில் விழுகிற அடி ஒருநாள் அடித்தவன் பக்கமே திரும்பும் என்று முடித்திருந்தேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு அந்தத் தோட்டத்துக் கங்காணி உட்கார்ந்திருந்தான். நீ அவனை ஒரு பார்வை பார்த்தாய். அப்புறம் மீசைக்காரனுக்குக் கங்காணியின் குரலையே கொடுத்துவிட்டாய். அவன் கத்துவதற்கு முன்னால் மூன்று தரம் தொண்டையைச் செருமுவான் அல்லவா, அந்தச் செருமலோடு! முன்பக்கம் ஆண்கள் துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். பின்பக்கம் பெண்கள் கூச்சமே இல்லாமல் சிரித்தார்கள். கங்காணியும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். தன் குரல் அவனுக்கு மட்டும் தெரியவில்லை.

நான் எழுதிய முடிவு காற்றோடு போயிற்று. திரும்பி வரும்போது லோரியில் உன்னோடு பேசவே இல்லை. மறுநாள் விடியற்காலை பெரட்டுக்கு ஆள்கணக்கு எடுக்க வந்து நின்ற கங்காணி வழக்கம்போலத் தொண்டையைச் செருமினானாம். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்களாம். அதற்கப்புறம் அந்தத் தோட்டத்துப் பக்கமே நம்மை அண்டவிடவில்லை. "உன் சிரிப்பால கேட்டச் சாத்திட்டானுங்க பாத்தியா" என்று நான் குதித்தேன். நீ பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னாய்: "நீ எழுதுனதச் சொல்லியிருந்தாலும் சாத்தியிருப்பானுங்க. இப்ப அவன் செருமுறப்பல்லாம் சிரிப்பு வரும் இல்ல? அத எந்தக் கேட்டு வெச்சு சாத்துவான்?" அந்த எரிச்சலில் இரண்டு நாள் உன் வீட்டுப் பக்கம் வராமல் இருந்தேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீ என்னை மடக்கமாட்டாய், நழுவுவாய். கள்ளு. கள்ளுக்கடையைப் பற்றி நான் ஒரு வரி எழுதினாலும் அதைச் சொல்ல மாட்டாய். "நானே குடிக்கிறவன். குடிக்காதேன்னு நான் சொன்னா மொத வரிசைல இருக்கவனுக்கு வாடையடிக்கும்" என்பாய். அதுவும் சிரிப்பாகவே போகும். பேசும்படம் வந்து பட்டணத்துக் கொட்டகைகளில் உனக்கு வேலை குறைந்தபோது கள்ளு கூடியது. அப்புறம் கண் மஞ்சளானது. வயிறு வீங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பாரு வாத்தியாரே, ஒரு வழியா துரை மாதிரி தொப்பை வந்துருச்சு" என்றாய். நான் சிரித்தேன். நீ சொன்னால் சிரித்துவிடுவது எனக்குப் பழகிப்போய்விட்டது.

நீ போய்க் கொஞ்ச நாளில் மதுவிலக்குச் சங்கத்துச் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல மனுஷன், நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியார், சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டிருப்பார். பழைய ஊமைப்படங்களைச் சங்கம் வாங்கியிருக்கிறதாம். தோட்டம் தோட்டமாக இனாமாகக் காட்டப் போகிறார்களாம். நான் கதை எழுதி நானே சொல்லவும் வேண்டுமாம். "அந்தக் குடிகாரத் தடியன் படம் இருக்குல்ல, அதுக்கு ஒங்க கூட்டாளி கதையவே போட்டுருங்க. எல்லாத் தோட்டத்திலயும் அவரத் தெரியும். ஜனங்க மனசுல நல்லாப் பதியும்" என்றார்.

அந்தப் படம் உனக்கு மனப்பாடம். குடையும் கையுமாக ஒரு தடியன் தள்ளாடி வருகிறான். விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைக்கிறான். நாயோடு சண்டை பிடிக்கிறான். சாக்கடையில் விழுகிறான். நீ பெயர் பெற்ற படமே அதுதான்.

வாழ்நாளெல்லாம் சேதி சேதி என்று கத்தினவன் நான். இதோ, கையில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பொய்யும் கிடையாது. நீ குடித்துத்தான் செத்தாய். ஆனால் எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. உன்னைத் தூக்கிக் கம்பத்தில் கட்டி, பாருங்கள் பாருங்கள் என்று காட்டுவதற்கா நான் எழுதப் படித்தேன்? உன் பெண்டாட்டி பாக்கியத்திடம் கேட்டுவிட்டு, அவள் வேண்டாம் என்றால் அதையே சாக்காக வைத்து மறுத்துவிடலாம் என்று போனேன்.

பாக்கியம் ஆப்பச்சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"பேரச் சொல்லியே சொல்லுங்கண்ணே."

நான் திடுக்கிட்டுப் போனேன். "என்னம்மா நீ, நாலு பேரு நாலு விதமா..."

"இப்ப மட்டும் பேசலயா? அவரு அக்கா தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாங்க, என் ராசிதான் அவர முழுங்கிருச்சாம். பைப்படில தண்ணி புடிக்கப் போனா ஒருத்தி கொடத்தத் தள்ளி வெச்சுக்கிறா. நானா முழுங்குனேன்? கள்ளு முழுங்குச்சு. அத யாராச்சும் ஒருத்தர் சத்தமா சொல்லட்டும். நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுங்க. நானும் வந்து கேக்குறேன்."

சேதி என்றால் ஊருக்குச் சொல்வது என்றே நினைத்திருந்தேன். ஒரு பொம்பளை குடத்தை வைத்துத் தண்ணீர் பிடிக்க ஒரு சேதி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டுக்கு வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். எழுதும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு யாருடைய கதையோ போல இருந்தது.

கிள்ளானுக்கு ரயிலில் போய், அங்கிருந்து சங்கத்து லோரியில் தோட்டத்துக்குப் போனோம். பாக்கியமும் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரியும் திரைக்குப் பின்னால் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார்கள். செயலாளர் எனக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில். நான் உன் இடத்தில் உன் கம்போடு நின்றேன். தடியன் திரையில் வந்து தள்ளாடினான். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் சிரித்துவிட்டது. படத்துக்காக அல்ல, உன்னை நினைத்துக்கொண்டுதான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் எழுதியதெல்லாம் மறந்துபோய், நீ சொன்னதுதான் வாயில் வந்தது. விளக்குக் கம்பத்தைப் பார்த்து, "வாங்க மாமா, ஒல்லியாயிட்டீங்களே, வீட்டுல அத்த சோறு போடுறதில்லையா?" நாயைத் தோட்டத்து ஆபீஸ் கணக்கராக்கி, "பெரிய கிராணி வந்துட்டாருடோய், லீவு கேட்டுக்குவோம்!" உன்னைப் போல ஏற்ற இறக்கம் எனக்கு எங்கே வரும்? கணக்கு ஒப்பிக்கிறவன் மாதிரிதான் சொன்னேன். அதற்கே ஜனங்கள் விழுந்து புரண்டார்கள். "அண்ணன் சொல்றாப்பலயே சொல்றாருடா!" என்று ஒருவன் கத்தினான்.

"வாத்தியாரே, கள்ளு! கள்ளு!" என்று செயலாளர் பின்னாலிருந்து முணுமுணுத்தார். பாவம், அதைக் கேட்டு முன்வரிசை இன்னும் சிரித்தது. தடியன் சாக்கடையில் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே குரலில் "ஒன்ஸ்மோர்!" என்றார்கள். ஆப்பரேட்டர் நிறுத்தி ரீலைப் பின்னுக்குச் சுற்றினார்.

சுற்றுகிற நேரத்தில் நான் திரைக்குப் பின்பக்கம் பார்த்தேன். அரிக்கேன் வெளிச்சத்தில் பாக்கியம் தெரிந்தாள். எல்லாப் பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரும் சொல்லமாட்டார் போலிருக்கிறது என்ற பார்வை.

தடியன் மறுபடியும் வந்தான். "இந்த ஆளு பேரு..." என்று தொடங்கி உன் பெயரைச் சொன்னேன். சிரித்தார்கள். "இவரு இங்க இந்தக் கம்பப் புடிச்சிக்கிட்டு நின்னு ஒங்களையெல்லாம் சிரிக்க வெச்சவரு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். விளக்குக் கம்பத்துக்கு வணக்கம் வைத்தபோது, "வீட்டுக்குப் போற வழி தெரியல இவருக்கு. வீட்டுல இவரு சம்சாரம் சோத்த மூடி வெச்சிட்டு முழிச்சிருக்கு" என்றேன். சிரிப்பு கொஞ்சம் தேய்ந்தது. நாய் வந்தபோது நான் நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தம்மா ராசி இவர முழுங்குச்சுன்னு சொல்றாங்க. கூட இருந்து பாத்தவன் நான் சொல்றேன். கள்ளுதான் முழுங்குச்சு. கண்ணு மஞ்சளாச்சு, வயிறு வீங்குச்சு." தடியன் சாக்கடையில் விழுந்தான். "விழுந்தாரு. செத்துட்டாரு" என்றேன்.

தோட்டமே மூச்சுவிடவில்லை. செயலாளர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். என் ஆயுளில் நான் எழுதின எதற்கும் அப்படியொரு அமைதி கிடைத்ததில்லை.

விழுந்த இடத்தோடு படம் முடியாது என்பதை எழுதும்போது நான் யோசிக்கவே இல்லை. முதல் தடவை கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்ட இடத்திலேயே ரீலை நிறுத்திவிட்டார் ஆப்பரேட்டர். இந்தத் தடவை படம் நிற்காமல் ஓடியது. சாக்கடையில் கிடந்த தடியன் ஒரு கையை ஊன்றினான். மெல்ல எழுந்து உட்கார்ந்தான். குடையை உதறினான். செத்துட்டாரு என்று நான் சொல்லி முடித்த ஆள் எழுந்து நின்று, எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டான். அந்த இடத்துக்கு நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், படத்துக்குள்ளிருந்தே வந்தது போல.

"எந்திரிச்சிட்டாரு! அண்ணே, எந்திரிச்சிட்டாரு பாருங்க!"

பாக்கியம்தான். சின்னப் பிள்ளை மாதிரி கத்தினாள். தடியன் திரும்பித் தள்ளாடியபடியே தெருமுனைக்குப் போய் மறைந்தான். ரீல் தீர்ந்து வெறும் வெள்ளைத் துணி பளீரென்று ஒளிர்ந்தது. நீ செத்துப்போய்விட்டாய் என்று அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை யாரோ சொல்லிக் கேட்ட சேதியாகத்தான் இருந்திருக்கிறது. அப்போதும் அழவில்லை, கூட்டாளி. கையிலிருந்த கம்பை மட்டும் கீழே வைத்தேன். செயலாளர் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தார்.

நேற்று அவர் பாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார், நானும் இருந்தேன். அந்தத் தோட்டத்தில் கள்ளுக்கடையில் கூட்டம் குறைந்திருக்கிறதாம். குறைந்ததா, சம்பள நாளுக்காகக் காத்திருக்கிறார்களா, யார் கண்டது? ஆனால் பைப்படியில் இப்போது யாரும் குடத்தைத் தள்ளி வைப்பதில்லை என்று பாக்கியம் சொன்னாள். அவளோடு அன்று தோட்டத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி, நான் சொன்னதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டாளாம். அது போதும் எனக்கு. அந்த மட்டில் என் கட்சி ஜெயித்தது. எழுதி வைத்துக்கொள்.

செயலாளருக்கு ஒரே ஒரு குறை. "கடேசில அவன் எந்திரிக்கிற எடத்த வெட்டிருவோம் வாத்தியாரே. செத்தவன் எந்திரிச்சா கருத்து கெட்டுப் போகுது இல்ல?" என்றார். நியாயமான பேச்சு. என் வயசில் பாதிக்குமேல் நானே அப்படித்தான் பேசியிருப்பேன். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாங்கய்யா" என்றாள் பாக்கியம். அவரைப் பார்க்காமல் ஆப்பமாவைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "அண்ணன் செத்துட்டாருன்னு சொல்லட்டும். அது நெசம், எல்லாரும் கேக்கணும். ஆனா அவரு எந்திரிச்சுப் போவட்டும். வெட்டாதீங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். வெட்டப் போவதில்லை என்றேன்.

வரும் சனிக்கிழமை டெங்கில் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காட்சி. அதற்கு முன்னால் அந்த இடத்துக்கு ஒரு வரி எழுதிவிடலாம் என்று இன்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சிரிப்பாக எழுதினால் பாக்கியத்தின் சொல் விழுந்துபோகும். புத்தியாக எழுதினால் நீ விழுந்துபோவாய். எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் தாளை மடித்துவிட்டு எழுந்தேன்.

சாக்கடையில் விழுகிறவரை உன் கதையைச் சொல்வேன். செத்துட்டாரு என்றும் சொல்வேன், பெயரோடு. அப்புறம் நீ கையை ஊன்றி எழுந்து, குடையை உதறி, கும்பிடு போட்டுவிட்டுத் தெருமுனை திரும்பும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.